ஹால்வர் விரல் வைத்த இடம்

ஏப்ரல் பாதி தாண்டியும் பனி விடவில்லை டெகோராவில்.
சமையலறை ஜன்னலைச் செய்தித்தாளால் துடைத்துவிட்டு
கேமராவை ட்ரைபாடில் ஏற்றுகிறேன்.
வெளியே மேப்பிள் கிளையில் தீனிப்பெட்டி.
அணில் கடித்துத் தின்ற மூலையில்
பிஸ்கட் டின்னின் தகர மூடியை ஆணி அடித்திருக்கிறோம்.

"வந்துட்டான்" என்கிறார் ஹால்வர்.
எங்கே?
"செடாருக்குள்ளே, இடது பக்கம். கிளை ஆடுது பார்."
பார்த்தால்,
ஊதிவிட்ட தணல்போல் ஆண் கார்டினல்.
அவ்வளவு பச்சைக்குள் அவ்வளவு சிவப்பை
யாரிடமிருந்தும் ஒளிக்க முடியாது,
என் கணவரைத் தவிர.
அவருக்கு மரமும் பறவையும் ஒரே நிறம்.
ஈரச் சாக்கு நிறம் என்பார்.

பத்தொன்பது வயதில் ரயில்வே வேலைக்குப் போனவரிடம்
புள்ளிகள் நிறைந்த ஓர் அட்டையை நீட்டி
இதில் என்ன எண் என்று கேட்டார்களாம்.
"எண்ணா? இதிலா?"
அதோடு முடிந்தது ரயில்.
முப்பத்தோரு வருஷம் பால் லாரி.
மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ.
விளக்கைப் படுக்கவைத்திருக்கும் ஊர்களில் மட்டும்
முன்னால் போகிற வண்டியை நம்புவார்.

எங்கள் சண்டை எல்லாம் பறவைப் புத்தகத்தின் மேல்தான்.
நான் நிறத்திலிருந்து தொடங்குவேன்:
மஞ்சள் உடம்பு, கறுப்பு இறக்கை, சரி, கோல்ட்ஃபின்ச்.
அவர் நடத்தையிலிருந்து:
குதிக்கிறதா, நடக்கிறதா,
தலைகீழாய் மரத்தில் இறங்குகிறதா,
விதையை அலகிலேயே நெரிக்கிறதா
இல்லை, காலில் இடுக்கிக்கொண்டு கொத்துகிறதா.
குளிர்காலத்தில் கோல்ட்ஃபின்ச் தன் மஞ்சளைக் கழற்றிவிட்டு
சாணித்தாள் நிறத்தில் வந்து உட்காரும்.
மூன்று வருஷம் அதைச் சிட்டுக்குருவி என்று
குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்,
தேதி போட்டு, பேனாவால்.
கண்டுபிடித்த அன்று அவர் சிரிக்கவில்லை.
பேனாவை எடுத்துவிட்டு
அந்த இடத்தில் ஒரு பென்சிலை வைத்தார்.

மே ஐந்தாம் தேதி காலை,
பேட்டரி மாற்றக் குனிந்திருக்கிறேன்.
"பெர்னிஸ்."
குரலே வேறு.
"அசையாதே. புதுசு."
புதுசு என்றால்?
"தடித்த அலகு. கார்டினலைவிடத் தடி. கொண்டை இல்லை.
நெஞ்சுல ஒரு கறை,
சட்டையில சூப் சிந்தின மாதிரி."
என்ன நிறம்?
கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பேட்டரி மூடி கிளிக்கென்று அடைபட்டு
நான் நிமிர்ந்து ஷட்டரை அழுத்தியபோது
கிடைத்தது இவ்வளவுதான்:
ஆடுகிற தீனிப்பெட்டி, தகர மூடி,
விழுந்துகொண்டிருக்கும் ஒரு சூரியகாந்தித் தோல்,
மேல் ஓரத்தில் வால்நுனியோ தூசியோ.

வீட்டுச் செருப்போடு பனிச்சேற்றில் இறங்கிப் போய்
அந்தத் தோலைப் பொறுக்கி வந்தார்.
இரண்டாய்ப் பிளந்து, ஓரம் நசுங்காமல்.
"ஒரே கடி" என்றார், ஏதோ தானே கடித்ததுபோல.
பிறகு புத்தகத்தைத் திறந்து
நிறங்களுக்கு மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார்,
வெளிக்கோடுகளை மட்டும் தடவி.
ரோஜாமார்பு க்ரோஸ்பீக்கில் விரல் நின்றது.
"இவன்தான்."

கொஞ்ச நேரம் பக்கத்தையே பார்த்திருந்தார்.
"இது எப்படி இருக்கு?"
நாற்பத்து நான்கு வருஷத்தில்
ஒரு நிறத்தைப் பற்றி அவர் என்னைக் கேட்டதில்லை.
சிவப்பு என்று சொல்லி என்ன பயன்?
ராஸ்பெர்ரி என்றால் அதுவும் அவருக்குச் சாக்குதான்.
காப்பி ஆறும்வரை யோசித்தேன்.
"வெந்நீர்ப்பையை நெஞ்சிலிருந்து எடுத்தபிறகும்
கொஞ்ச நேரம் அங்கேயே இருக்குமே,
அந்த இடம்."
"ம்" என்றார்.
தன் சட்டைப் பொத்தானை ஒருமுறை தொட்டுக்கொண்டார்.

அந்தப் படத்தைத்தான் பிரிண்ட் போட்டு
ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன்.
கீழே பென்சிலால் பெயர், தேதி,
பார்த்தவர்: ஹால்வர்.
பக்கத்து வீட்டு லைல் முட்டை வாங்க வந்தவன்
கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு
"பறவை எங்கே?" என்கிறான்.
ஹால்வர் எழுந்து போய்,
படத்தின் ஓரத்தைத் தாண்டி
ஒரு சாண் மேலே
வெற்றுக் கதவில் விரல் வைக்கிறார்.